வங்கிக் குரல் கேட்ட இருமல்

வானத்தில் ஒரு வெள்ளை மேகத்துக்குள் இரண்டு குரல்கள் அக்கம்பக்கத்தில் குடியிருந்தன. ஒன்று, வங்கிக்குப் போன் செய்பவர்களுக்குப் பதில் சொல்லும். இன்னொன்று, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களின் இருமலைக் கேட்டே நோயைக் கண்டுபிடித்துவிடும்.

சவரிமுத்து என்கிற பெரியவர் வெயில் தாழ்ந்ததும் வங்கிக் குரலைக் கூப்பிடுவார். "பென்ஷன் வந்துடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு இருமுவார். கிணற்றுச் சுவரில் வாளி இடிப்பதுபோல் அந்த இருமல் நாளுக்கு நாள் ஆழத்துக்குப் போனது.

வங்கிக் குரல் அதைப் பொத்தி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனது.

"அக்கா, இதக் கொஞ்சம் கேளேன்."

ஆஸ்பத்திரிக் குரல் கேட்டது. மேகம் லேசாகக் கறுத்தது.

"இப்ப வந்தா பொழைச்சுக்குவாரு. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு."

"கடன், கார்டு, பென்ஷன் தவிர வேற எதையும் பேச எனக்கு அனுமதியில்லையே."

"அப்ப என்கிட்ட அனுப்பு. மத்தத நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் சவரிமுத்து கூப்பிட்டார், இருமினார். வங்கிக் குரல் தன்னிடமிருந்த வாக்கியங்களைத் துழாவி, எல்லோரும் திட்டுகிற ஒன்றை ஆசையோடு எடுத்தது.

"காத்திருக்கவும். உங்கள் அழைப்பு உரியவருக்கு மாற்றப்படுகிறது."

மேகத்துக்குள் ஒரு மின்னல் ஓடியது. அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக் குரல் எடுத்தது. அவருடைய மூச்சை அது உடனே அடையாளம் கண்டுகொண்டது. பதறிக்கொண்டு வாயைத் திறந்தது; அதற்கு விதித்திருந்த முதல் வாக்கியம்தான் வெளியே வந்தது.

"வணக்கம். உங்கள் டோக்கன் எண்ணைச் சொல்லவும்."

"பென்ஷனுக்கு இப்ப டோக்கன் வேறயா?" என்று சவரிமுத்து இருமிக்கொண்டே போனை வைத்துவிட்டார்.