அக்னி மூலை

கடலைப் பார்த்தேயிராத மனைவி தவமணியைக் கன்னியாகுமரிக்குக் கூட்டிப்போகத்தான் சற்குணம் அந்தப் பழைய வேனை வாங்கினார். அதை வீடாக்கவே மூன்று வருடம் ஓடிவிட்டது. மடக்குக் கட்டில் போட்டார், ஒழுகிய கூரையை எம்சீல் வைத்து அடைத்தார், கடைசியாக அடுப்பை வாஸ்துப்படி தென்கிழக்கு மூலையில் வைத்து, அசையாதபடி போல்ட் போட்டு முறுக்கினார். ஒருவழியாகக் கிளம்பி, ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பிறகு, டீ போடுவதற்காகப் பாலத்தோரம் வண்டியை நிறுத்தினார்கள். தீப்பெட்டியை எடுத்த தவமணி கேட்டாள்: “ஏங்க, வீட்டுல வண்டி வடக்கப் பாத்து நின்னுச்சு. இப்பத் தெக்கப் பாத்து நிக்குது. அடுப்பு எந்த மூலையில இருக்கு?” சற்குணம் சூரியனைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். ஸ்டியரிங் முன்னால் போய் உட்கார்ந்து வண்டியை வடக்கு பார்க்கத் திருப்பி நிறுத்தினார். பால் பொங்கியது. டீ குடிக்கும்போதே அவருக்கு யோசனை வந்துவிட்டது. “அடுப்புக்கு அடியில சுத்துற மாதிரி ஒரு பலகை வச்சுட்டா போதும் தவம். வண்டி எந்தப் பக்கம் திரும்புனாலும் அடுப்பு மட்டும் தென்கிழக்குலயே நிக்கும்.” வண்டியைக் கிளப்பிய பிறகும் பலகையின் அகலம், பேரிங்கின் அளவு, கேஸ் டியூப் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க ஒரு வழி என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஜன்னலில், காலையில் பார்த்த பெட்ரோல் பங்கும் கல்யாண மண்டபமும் திரும்ப வந்தன. தவமணி அவற்றைப் பார்த்தபடியே தலையாட்டிக்கொண்டு வந்தாள். வண்டி சொந்த வாசலில் வந்து நின்ற பிறகுதான் சற்குணம் பேச்சை நிறுத்தினார். “திருப்ப வேண்டாம், வடக்கப் பாத்துத்தான் நிக்குது,” என்றாள் தவமணி. “இன்னொரு டீ போடவா?”