பெட்டியின் பின்பக்கம்

சிவதர்சினி இரண்டாவது ரிசீவரையும் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"தங்கச்சி, எல்லாரும் முன்னுக்குத்தான் பாப்பாங்க," என்றார் கடைக்காரர் சனூன். "பின்னால பாத்து வாங்குறது பால்மாட்டைத்தான்."

மின்விசிறிக்குக் கீழே இருந்த மாமி மனோன்மணி வாய்விட்டுச் சிரித்தார். தர்சினியும் சிரித்து வைத்தாள்.

மாமியின் மகன் பிரசாந்தன்தான் இதை வாங்கச் சொன்னவன். அவளைக் கலியாணம் முடித்து, லீவு முடியக் கனடாவுக்குத் திரும்பிப் போனவன். அவளையும் அங்கே கூப்பிடும் அலுவல் நடக்குது என்று ஒவ்வொரு முறையும் சொல்வான். இந்த முறை வீட்டு ஹோலுக்கு ஹோம் தியேட்டர் என்றான். ஐந்து ஸ்பீக்கர்கள், அவற்றுக்குச் சத்தத்தைப் பிரித்துக் கொடுக்க ஒரு ரிசீவர். பெரிய விலையில் வேண்டாம், தொடக்க வகை போதும். நீர் பௌதிகம் படிச்சனீர்தானே, நீரே பாத்து எடும்.

போர் முடிந்து ஊருக்கு மீளக்குடியேறியபோது நானாட்டானில் மாமியவர்களின் வீடு கூரையில்லாமல் நின்றது. அவன்தான் காசு அனுப்பி அதை எழுப்பினான். பிறகு குளிர்சாதனப் பெட்டி வந்தது. உடுப்புத் தோய்க்கிற மெசின் வந்தது. அப்போதெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஸ்பீக்கர் என்றபோதுதான் நெஞ்சுக்குள் ஏதோ இடறியது.

ஓர் இடத்தை விட்டுப் போகப்போகிறவளுக்கு யாரும் சுவருக்குச் சுவர் ஸ்பீக்கர் பூட்டிக் கொடுப்பதில்லை.

நேராகவே கேட்டிருக்கலாம். கேட்டால் ஒரு பதில் வரும். வந்துவிட்டால், பிறகு அந்தப் பதிலோடுதான் இருக்க வேண்டும்.

மூன்றாவது பெட்டி மற்ற இரண்டையும் விடச் சிறியது. அதைத் திருப்பினாள்.

வயர் வெளியே வரும் இடத்துக்குப் பக்கத்தில் நகமளவு சிவப்புச் சுவிச் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் 120. மறுபக்கம் 230.

இங்கே வீட்டு மின்சாரம் 230 வோல்ற். கனடாவில் 120. மற்ற இரண்டும் இங்கே மட்டும்தான் வேலை செய்யும். இதை அங்கேயும் பாவிக்கலாம்.

அந்த வீட்டுக்குள் போகிற பொருட்களில் ஒன்றாவது திரும்பி வெளியே வரக்கூடியதாக இருக்கட்டும் என்று நினைத்தாள்.

"இதை எடுப்பம், நானா," என்றாள் சனூனிடம்.

"அதுல வற்ஸ் குறைவு, சத்தம் காணாது. விலைதான் கூடுதல். மத்ததுல பாட்டுப் போட்டா ஓடு கழண்டு விழும்."

"இதின்ர சத்தம்தான் தெளிவு."

சனூன் பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "இன்னும் பிளக்கே குத்தல்ல, தங்கச்சி."

"படிச்ச பிள்ளை, தம்பி," என்றார் மாமி. "அவளுக்குப் பாத்தாலே கேக்கும்."

சனூன் வயர்களைக் கொழுவி, அவளை நடுவில் இருத்தி, மழைச் சத்தம் ஒன்றைப் போட்டார். மழை முன்னால் தொடங்கி, இரண்டு பக்கமும் இறங்கி, பின்னால் போய்ச் சேர்ந்தது. அவள் தலையை இந்தப் பக்கம் திருப்பினாள். அங்கேயும் மழை. அந்தப் பக்கம் திருப்பினாள். எழும்பிப் போவதற்கு ஒரு பக்கமும் மிச்சம் இருக்கவில்லை.

மாமிக்குக் கண்கள் விரிந்தன. "ஐயோ பிள்ளை, நனையாத மழை!"

அப்போதுதான் பிரசாந்தன் கனடாவிலிருந்து போன் எடுத்தான். சனூனுக்கும் கேட்கட்டும் என்று அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன, எடுத்தாச்சோ?"

"ஒண்டு பிடிச்சிருக்கு. வற்ஸ் கொஞ்சம் குறைவு." சிவப்புச் சுவிச்சின் மேல் விரலை வைத்தாள். "பின்னுக்கு வோல்ற் மாத்துற சுவிச் இருக்கு."

அவளால் கேட்க முடிந்த கேள்வி அவ்வளவுதான்.



"உமக்குப் பிடிச்சதெண்டா எடுமன்."

அவளுக்கு மூச்சு வந்தது. வேண்டாம் என்று சொல்லவில்லை. அது எதுக்கு என்றும் கேட்கவில்லை. மாமியைப் பார்த்து, இந்த முறை உண்மையாகவே சிரித்தாள்.

சனூன் போனுக்குக் கிட்டக் குனிந்தார். "தம்பி, பூட்டுறதுக்கு நானே வாறன். ஹோல்ல எத்தனை பேர் இருந்து பாப்பீங்க? அதப் பாத்துத்தான் பின் ஸ்பீக்கர வைக்கோணும்."

"ரெண்டு பேர்தான். அம்மாவும் அவவும்."

யோசிக்காமல் வந்த பதில். யோசித்திருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பான்.

"வயரைச் சுவருக்குள்ளால விடுங்கோ," என்றான். "பிறகு கழட்டுற வேலை இருக்காது."

போன் நின்ற பிறகும் அவள் அதைக் கையில் நீட்டிப் பிடித்தபடியே இருந்தாள்.

சனூன் பெட்டியைத் துடைத்துத் திருப்பி வைத்தார். "நல்ல பெட்டிதான். இந்தச் சுவிச் ஒண்டுதான் கரைச்சல். துடைக்கக்குள்ள கை பட்டு மாறினா, அவ்வளவுதான், எரிஞ்சிரும்." சிறிய திருகாணிச் சாவியால் சுவிச்சை 230 பக்கம் இறுகத் தள்ளி, அதன் மேல் வயருக்குச் சுற்றுகிற கறுப்பு ரேப்பை ஒட்டினார்.

மாமி எழும்பி வந்தார். தர்சினியின் தோளைச் சுற்றிக் கை போட்டபடி குனிந்து பார்த்தார்.

"எதுக்கும் இன்னொருக்கா ஒட்டுங்கோ, தம்பி."