உருண்டை முனை

ஜப்பானியர் ஆட்சியில், காஜா பெராங் தெருச் சுவரில் 'ஜப்பானே வெளியேறு' என்று யாரோ தாரால் எழுதிவிட்டார்கள். பெயர்ப்பலகை எழுதும் தம்பிராஜாவைத்தான் முதலில் பிடித்தார்கள்.

"நீதானே எழுதினே?" என்று அதட்டினார், ஜப்பானிய அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர்.

"நல்லாப் பாருங்க துவான். ஒரே தடிமன், முனையெல்லாம் உருண்டை. மிட்டாய்க் கடைக்குப் போடுற எழுத்து இது. இதுல யாராச்சும் மிரட்டுவாங்களா? என் பிரஷ் தட்டை. முனை வெட்டினாப்பலதான் வரும்."

எழுதியும் காட்டினான். அதிகாரி சிரித்தபடியே அனுப்பிவிட்டார்.

வீட்டு வாசலுக்கு ஓடிவந்தாள் மனைவி வேணி. "எப்படிங்க விட்டாங்க?"

"உருண்டை முனை என் பிரஷ்ல வராதுன்னு காட்டினேன். வேற எதுல வரும்னு அவங்க கேட்கலை."

தம்பிராஜா மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திறந்தான்.

"விரலை நீட்டு, வேணி. நகத்துல இன்னும் தார் இருக்கு."