நீலப் பலகை

ஜெர்மனியில் பதினேழு வருடம் கார் ஓட்டிய குணநாயகத்துக்கு நெடுஞ்சாலை என்றால் நீலப் பலகைதான். தம்பி மகனின் கல்யாணத்துக்குத் தாலியோடு சுவிஸுக்குள் நுழைந்த பிறகும் நீலத்தையே பிடித்துக்கொண்டு போனார். அங்கே நெடுஞ்சாலைக்குப் பச்சை. ஊர் ரோட்டுக்குத்தான் நீலம்.

"இஞ்சாருங்கோ, பச்சையில திரும்புங்கோ," என்றாள் மனைவி தவமலர், தாலிப்பெட்டியை மடியில் அணைத்தபடி.

"நீர் சும்மா இரும். ரோட்டு எனக்குத் தெரியும்."

மூன்றாவது தடவையாக அதே மாட்டுப்பண்ணை வாசலில் கார் நின்றபோது போன் அடித்தது.

"அண்ணை, ஐயர் தாலியைக் கேக்கிறார்!" என்று தம்பி அலறினார்.

குணநாயகம், "வந்திட்டம், வந்திட்டம்," என்றார்.

தவமலர் பெட்டியோடு இறங்கிப்போய், வேனில் பால்கேன் ஏற்றிக்கொண்டிருந்த பண்ணைக்காரியிடம் மண்டபத்து முகவரியைக் காட்டினாள். பண்ணைக்காரி சிரித்துக்கொண்டே வேனின் முன்கதவைத் திறந்துவிட்டாள். தவமலர் ஏறியதும் வேன் பச்சைப் பலகைக்குக் கீழே திரும்பி விர்ரென்று பறந்தது.

குணநாயகமும் பின்னாலேயே விரட்டினார். காரில் தனியாக இருந்தாலும் வாய்விட்டே சொன்னார்:

"பாவம், அந்தப் பண்ணைக்காரிக்கும் வழி தெரியேல்லை."