சுவரில் ஓடும் கார்

"போனை நிமிர்த்திப் பிடியுங்கோ, அன்ரி."

பிரவீனன் இதை ஐந்தாவது முறையாகச் சொன்னான்.

"நிமிர்த்தித்தான் பிடிச்சிருக்கிறன், தம்பி. கார்தான் ஓடுது."

"சரி. இப்ப படுக்கையாப் பிடியுங்கோ."

"பிடிச்சிட்டன். இப்ப மேப் வருது. அதுவும் குறுக்காக் கிடக்குது."

அவன் ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு நெற்றியை மேசையில் வைத்தான்.

ரிச்மண்டில் ஆறு பேர் மட்டும் வேலை செய்யும் அலுவலகம் அது. 2012 ஏப்ரலில் அவர்கள் கைபேசிக்கு ஒரு கார்ப் பந்தய விளையாட்டைச் செய்து முடித்திருந்தார்கள். போனைப் படுக்கையாகப் பிடித்தால் கார் ஓடும். நிமிர்த்தினால் பாதையின் வரைபடம் வரும். திரையில் பொத்தான் என்று எதுவுமே கிடையாது.

அந்த யோசனை பிரவீனனுடையது. ஒரு பொத்தான் வைத்துவிட்டால் என்ன என்று மேலாளர் இரண்டு முறை கேட்டார். அவன் அசையவில்லை. போனைத் திருப்பத் தெரியாதவர்கள் உலகத்தில் உண்டா என்று கேட்டான்.

ஒருவர் இருந்தார். நகரின் மறுகோடியில், ரோவிலில்.

சோதித்துப் பார்க்க வெளியிலிருந்து இருபது பேரைச் சேர்த்திருந்தார்கள். பத்தொன்பது பேருக்கு எந்தச் சிக்கலும் இல்லை. இருபதாவது ஆள் சிவசோதி, வயது ஐம்பத்திரண்டு. ஒரு நாளில் எவ்வளவு நேரம் விளையாட முடியும் என்ற கேள்விக்கு 'முழு நாளும்' என்று எழுதியிருந்தார்.

அவரிடமிருந்து மூன்று முறை ஒரே புகார் வந்தது. எல்லாம் மாறி வருகிறது, கார் சுவரில் ஓடுகிறது.

மேலாளர் வாசித்துவிட்டுச் சிரித்தார். உங்கள் ஆள்தானே, உங்கள் மொழியில் நீயே பேசு என்று புகாரை அவனிடம் தள்ளிவிட்டார். அன்று புதன்கிழமை. வெள்ளிக்கிழமை விளையாட்டை அனுப்பியாக வேண்டும்.

சிவசோதியின் போன் எப்படித் திரும்புகிறது என்பது அவனுடைய கணினியில் வந்துகொண்டிருந்தது. அவர் நிமிர்த்தினேன் என்று சொல்லும்போதெல்லாம் அது படுத்தது. படுக்க வைத்தேன் என்று சொன்னால் நிமிர்ந்தது.

"அன்ரி, உங்கட போன் படுத்துக் கிடக்கெண்டு எனக்கு இங்கை காட்டுது."

"என்ரை முகத்துக்கு முன்னால நேரா நிக்குது, தம்பி. உம்மட கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும்?"

நிமிர்ந்தது எது, படுத்தது எது என்றே தெரியாத ஒருவரை யார் சேர்த்துக்கொண்டார்கள்? பட்டியலைப் பார்த்தான். சேர்த்தது அவன்தான்.

வேறு போன் ஒன்று கொண்டுவருவதாகச் சொல்லி முகவரியைக் கேட்டு வாங்கினான்.

மொனாஷ் நெடுஞ்சாலையில் நாலு மணிக்கே வாகனங்கள் ஊர்ந்தன. ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் அவருக்குச் சொல்லவேண்டியதை ஒருமுறை சொல்லிப் பார்த்தான். போனை வாங்கி அவர் கண் முன்னாலேயே நிமிர்த்திக் காட்டவேண்டும். இதுதான் நிமிர்த்துவது, அன்ரி. இதுதான் படுக்கை. சிறுபிள்ளைக்குச் சொல்வதுபோல, ஆனால் சிரித்தமுகத்தோடு.

கதவைத் திறந்தவர் சிவசோதியின் கணவர் மகேந்திரராஜா. வேலைத்தலத்து மஞ்சள் சட்டையை இன்னும் கழற்றியிருக்கவில்லை.

"வாரும் தம்பி. ஹோலுக்குள்ளதான் இருக்கிறா," என்று கைகாட்டிவிட்டுக் குசினிப் பக்கம் போனார்.

வரவேற்பறையில் சோபா இல்லை. அந்த இடத்தில் ஏற்றி இறக்கும் கட்டில் ஒன்று போடப்பட்டிருந்தது.

சிவசோதி இடப்பக்கமாகத் திரும்பிப் படுத்திருந்தார். முதுகுக்குப் பின்னால் இரண்டு தலையணைகள், முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. முகத்துக்கு நேரே போனைப் பிடித்திருந்தார்.

அவருக்கு அது நிமிர்ந்து நின்றது. நின்றுகொண்டிருந்த பிரவீனனுக்குப் படுத்துக் கிடந்தது.

"பெட்டி அடுக்கிற இடத்தில விழுந்திட்டன். முள்ளந்தண்டில ரெண்டு ஒப்பரேஷன். ஜூன் வரைக்கும் இந்தப் பக்கமாத்தான் கிடக்கோணுமாம்," என்றார். சொல்லும்போதும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.



"ஏன் அன்ரி எனக்குச் சொல்லேல்லை?"

"நீர் போனைப் பற்றித்தானே கேட்டனீர்."

அவனைக் குத்திக்காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான்.

"முப்பது ஓட்டமும் முடிச்சிட்டன். கழுத்துத்தான் கொஞ்சம் நோகுது."

மற்றப் பத்தொன்பது பேரில் ஒருவரும் இருபத்திரண்டாவது ஓட்டத்தைத் தாண்டியிருக்கவில்லை.

பிரவீனன் சப்பாத்தைக் கழற்றினான். சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தான். பிறகு கட்டிலுக்குப் பக்கத்தில், கம்பளத்தில், இடப்பக்கமாகச் சரிந்து படுத்தான். போனை முகத்துக்கு நேரே பிடித்து விளையாட்டைத் திறந்தான்.

மூன்றாவது வளைவில் மோதினான். மறுபடி தொடங்கினான். இரண்டாவது வளைவில் மோதினான்.

படுத்தபடியே மேலாளருக்கு ஒரு செய்தி அனுப்பினான். வெள்ளிக்கிழமை அனுப்ப முடியாது, பிழை என்னுடையது, பொத்தான் வைக்கவேண்டும்.

தேநீர்க் கோப்பையோடு வந்த மகேந்திரராஜா நிலத்தில் கிடந்தவனைக் கண்டு திடுக்கிட்டு நின்றார்.

"என்ன தம்பி, தலை சுத்துதோ?"

"விடுங்கோப்பா," என்றார் சிவசோதி. "தம்பி இப்பதான் சோதிச்சுப் பாக்கிறார்."