தண்ணீர் டம்ளர்

காலை வெயில் பட்டறை ஷட்டருக்கு அடியில் நுழைந்து மரத்தூளின் மேல் படுத்துக்கிடக்கிறது. அறுத்து வைத்த ஜன்னல் சட்டங்களின் மூலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. இடையில் நகம் நுழைகிற அளவுக்குச் சந்து. புது பிளேடு மாட்டியதிலிருந்து அறுக்கும் மெஷின் உதறுகிறது என்கிறேன். "மெஷின் இல்ல மாமா, உங்க கைதான் உதறுது. இனிமே நான் அறுக்கிறேன், நீங்க உப்புத்தாள் தேய்ங்க," என்கிறான் மச்சினன். முப்பது வருஷம் அறுத்த கை இது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் பிடித்து மெஷின் மேசையின் ஓரத்தில் வைக்கிறேன். "நீயே ஓட்டு." அவன் சுவிட்சை அழுத்துகிறான். தண்ணீர் வட்டம் வட்டமாக நடுங்கி விளிம்பில் வழிகிறது. "இப்ப இது யார் கைடா?" ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பிளேடைக் கழற்றுகிறேன். அது மாட்டும் தண்டைவிடப் பிளேடின் நடுத்துளை பெரிது. அதனால்தான் நடுவில் நிற்காமல் ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தது. குப்பையில் கிடக்கும் அதன் அட்டை உறையை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறேன்: தண்டு சிறிதானால், உறைக்குள் இருக்கும் வளையத்தைத் துளையில் பொருத்தவும். உறையைத் தட்டினால் மோதிரம் போல ஒரு வளையம் உள்ளங்கையில் விழுகிறது. "நான் படத்தைப் பார்த்தே மாட்டிட்டேன் மாமா," என்கிறான். வளையம் போட்டதும் பிளேடு ஒரே சுருதியில் சுற்றுகிறது. மிச்சத் தண்ணீர் அசையவில்லை. ஷட்டர் வெளிச்சம் அதில் அப்படியே நிற்கிறது. தாகமாக இருக்கிறது. ஒரு கையால் டம்ளரை எடுக்கிறேன், தண்ணீர் மறுபடி வட்டம் போடுகிறது. இன்னொரு கையையும் கொடுத்துக் குடிக்கிறேன். மச்சினன் பார்க்கிறான். அடுத்த சட்டத்தை மேசையில் வைத்து, சுவிட்சுப் பக்கத்தை எனக்கு விட்டுவிட்டு, மறுமுனையை அழுத்திப் பிடித்துக்கொள்கிறான்.