ஆடி மாசம் ஊர் சுற்றிய மாப்பிள்ளை

"உங்க மாப்பிள்ளையா? ஆடி மாசம் பூரா மனுஷன் சாயங்காலமானா வீடு தங்கலைங்க. பஜார்ல கடைக்குக் கடை உட்கார்ந்து ஒரே சிரிப்பு, கும்மாளம்!"

மாடி வீட்டு சுசீலா இதைப் போட்டுக்கொடுத்ததிலிருந்து பக்தவத்சலத்துக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை.

ஆடியில் புதுப்பெண் பிறந்த வீட்டில்தான் இருக்கணும் என்று மகள் அகிலாவை ஆரணியிலேயே நிறுத்திக்கொண்டவர் அவர்தான். ஆவணி பிறந்ததும் அந்தமானில் போர்ட் பிளேருக்கு அழைத்துவந்தார். வந்த இடத்தில் இப்படி ஒரு சேதி!

போதாக்குறைக்கு அகிலாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. பக்கத்து வீடு பெங்காலி, எதிர்வீடு தெலுங்கு, எல்லாரும் சேர்ந்தால் பேசுவது இந்தி. அக்கம்பக்கத்தில் தமிழ் பேசும் ஒரே ஆளான சுசீலாவும் காலையில் ஆபீசுக்குப் போய்விடுவாள். பெண் வாசலுக்கே வரவில்லை. "அப்பா, நானும் உங்ககூடவே வந்துடட்டுமா?" என்று கேட்டேவிட்டாள்.

மறுநாள் அவருக்கு ஊர் திரும்பும் கப்பல். கூட்டிக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா? பெற்ற மனசு கேட்குமா பின்னே!

அன்று ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளை கௌதம் ஆட்டோவோடு வந்து நின்றான். பிறந்து வளர்ந்ததே இந்தத் தீவு, வேலை ஃபீனிக்ஸ் பே கப்பல் ஜெட்டியில்.

"மாமா, கிளம்புங்க. இந்த ஊர்ல எனக்குப் பிடிச்ச இடமெல்லாம் காட்டறேன்."

"செல்லுலார் ஜெயிலுக்கா மாப்பிள்ளை?"

"அது டூரிஸ்ட் பார்க்கறது மாமா. நாம முதல்ல ஜங்லிகாட் மீன் மார்க்கெட்!"

கடல் தாண்டி வந்தது மீன் கடை பார்க்கவா? பக்தவத்சலம் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினார்.

மார்க்கெட்டில் அப்பாயம்மா என்கிற தெலுங்குக்காரி அகிலாவைப் பார்த்ததும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வாம்மா தங்கச்சி! நல்லா இருக்கியா?"

"அக்கா! உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" அகிலா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்பாயம்மா வாயெல்லாம் பல்லாகத் தலையாட்டினாள்.

அடுத்தது கோல்கரில் ஒரு காய்கறிக்கடை. கடைக்காரர் ராஞ்சிப் பக்கத்து ஆள். "வணக்கம் தங்கச்சி! இது உன் ஊரு. பயப்படாதே!" என்றார்.

அகிலா அவரிடம் ஏதோ கேட்டாள். கொஞ்சம் முழித்தாள். பிறகு திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். அவன் அவசரமாகத் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அபர்தீன் பஜார் வளையல் கடையிலும் தமிழ்! கடைசியாக ஃபீனிக்ஸ் பேயில் கப்பல் பார்த்தபடி டீ. அங்கே டீக்கடைக்காரப் பெங்காலி, எல்லாருக்கும் பிஷு-தா, அதாவது பிஷு அண்ணன், கிளாஸை நீட்டி, "டீ குடி தங்கச்சி. கௌதம் நல்ல பையன்!" என்றார்.

"அட, ஊரே தமிழ் பேசுதே! பேச்சுத் துணைக்குப் பஞ்சமே இல்லை" என்றார் பக்தவத்சலம். ஆனாலும் அந்த ஆடி மாசக் கும்மாளம் மட்டும் உள்ளே முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது.

ஜெட்டிப் பக்கம் நடந்த பிறகுதான் குடை ஞாபகம் வந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு டீக்கடைக்குத் திரும்பினார்.

"தம்பி, என் குடையைப் பார்த்தீங்களா?"

பிஷு-தாவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. "டீ குடி தங்கச்சி. கௌதம் நல்ல பையன்!"

"யாருய்யா தங்கச்சி? குடை! குடை!"

"டீ குடி தங்கச்சி..."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். ஜெட்டியில் கப்பலுக்குக் கயிறு கட்டுகிற ஈஸ்வரன், நிக்கோபார் பக்கத்துக் கட்சால் தீவுத் தமிழர். பெஞ்சுக்கடியிலிருந்து குடையை எடுத்துக் கொடுத்தார்.

"கோவிச்சுக்காதீங்க ஐயா. அவருக்கு அவ்வளவுதான் தமிழ்."

"என்னது?"

"எல்லாம் உங்க மருமகன் வேலை. ஆடி மாசம் பூரா டூட்டி முடிஞ்சதும் கடைகடையா உட்கார்ந்து ஆளுக்கு ஒரு வரி மனப்பாடம் பண்ண வச்சாரு. 'என் சம்சாரத்துக்கு இந்தி தெரியாது. இந்த ஊர்ல தனியா இருக்கோம்னு அவ அழக்கூடாது'ன்னாரு. இந்த பிஷு-தா தங்கச்சின்னு சொல்றதுக்குள்ள நாங்க சிரிச்ச சிரிப்பு இருக்கே, ஐயய்யோ! அந்த 'நல்ல பையன்' மட்டும் நான் சேர்த்தது."

பக்தவத்சலம் குடையை இடுக்கிக்கொண்டு பெண் நின்ற இடத்துக்கு நடந்தார். தங்கமான பிள்ளையைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்று வெட்கமாகவும் இருந்தது, துள்ளிக் குதிக்கலாம் போலவும் இருந்தது. கூடவே ஒரு கவலை. நாளைக்கே பெண் தனியாகக் கடைக்குப் போவாள், நாலு வார்த்தை கேட்பாள், குட்டு உடைந்துவிடும். உடைந்துபோவாளே! நாமே பக்குவமாகச் சொல்லிவிடலாம்.

சுட்ட சோளம் வாங்கப் போயிருந்தான் கௌதம். நல்லதாய்ப் போயிற்று.

"அம்மாடி, ஒண்ணு சொல்றேன். மனசை விட்டுடாதே. இன்னைக்குப் பார்த்தோமே, அவங்க யாருக்கும்..."

"தமிழ் தெரியாது. அதானேப்பா? எனக்குக் காய்கறிக்கடையிலேயே தெரிஞ்சுபோச்சு."

"தெரியுமா! அப்போ நாளைக்கு..."

"நாளைக்கு நீங்க தனியாவே கிளம்புங்கப்பா."

சோளத்தோடு ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்த புருஷனைப் பார்த்ததும் அகிலா சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"எனக்குத் தெரியும்னு மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. எனக்காக இத்தனை பாடுபட்டிருக்கார், பாவம், எவ்வளவு சந்தோஷமா வர்றார் பாருங்க!"